நூற்று நான்கு வாரத் தண்ணீர்

தென்காசியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். பெயர் முத்துகுமரன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம், வெளியூர் பஸ்களுக்குப் பார்சல் புக்கிங் எல்லாமே எட்டுக்குப் பத்து அடிக்குள் நடக்கும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எதற்கெல்லாம் விண்ணப்பித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் என்ன ஆனார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம்.

உலகம்மாளைப் பற்றி ஊரில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. ஆறு வருஷம் கோயம்புத்தூரில் உட்கார்ந்து டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள், முடிக்கத் தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று. பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்கக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் இது போதும். நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், அவளுடைய கைடு, நான். அவள் அப்பாவிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவருக்குத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் வீடு மேலகரத்தில். அப்பா சுடலையாண்டி குற்றாலத்தில் பேரருவிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். அம்மா வடிவம்மாள் பீடி சுற்றுகிறவள். தென்காசிக் கோயில் அம்மன் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். வகுப்பில் நிவேதா மூன்று பேர், பிரியா நான்கு பேர் இருக்கும்போது இவள் ஒருத்திதான் உலகம்மாள். அதற்காக அழுதுகொண்டு வந்து பெயர் மாற்றும் படிவம் இருக்கிறதா என்று என் கடையில் கேட்டிருக்கிறாள், ஒன்பதாம் வகுப்பில். விரட்டி விட்டேன்.

விலங்கியல் பட்டம் முடித்ததும் பி.எட். விண்ணப்பம் போடத்தான் அப்பாவும் மகளும் வந்தார்கள். டீச்சராகிவிடுவாள் என்று அவருக்கு ஆசை. நான் சும்மா இருந்திருக்கலாம். பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது பயோ இன்பர்மேட்டிக்ஸ் என்று ஒன்று கண்ணில் பட்டது. உயிரியலும் கம்ப்யூட்டரும் சேர்ந்தது, இதைப் படித்தால் ஐ.டி. கம்பெனிக்காரன் தேடி வருவான் என்று அடித்துச் சொன்னேன். அது என்ன படிப்பு என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. கம்ப்யூட்டர் என்று இருந்தால் சோறு போடும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அப்பாவும் மகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எம்.எஸ்ஸி. விண்ணப்பத்தை நானே போட்டேன்.

எம்.எஸ்ஸி. முடித்தவளைத் தேடி ஒரு கம்பெனியும் வரவில்லை. கம்ப்யூட்டர் படித்தவர்களைத்தான் எடுத்தார்கள். உயிரியல் வேலைக்குப் போனால் ஆராய்ச்சிப் பட்டம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆகவே கோயம்புத்தூரில் பிஎச்.டி. சேர்ந்தாள். அங்கே அவளோடு சேர்ந்தவர்கள் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் ஒரு மணி நேரத்தில் எழுதும் புரோகிராமுக்கு இவளுக்கு மூன்று நாள் ஆனது. ஒரு புள்ளி விட்டுப்போனால் வேலை முழுக்கப் போச்சு என்று போனில் சொல்லுவாள். அப்புறம் கொரோனா வந்து ஒன்றரை வருஷத்தைத் தின்றது. திரும்பிப் போனபோது, அவள் எடுத்து வைத்திருந்த தலைப்பை வேறு நாட்டில் யாரோ முடித்து வெளியிட்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அருவி ஞாபகம் வந்தது. பேரருவித் தண்ணீரில் என்னென்ன நுண்ணுயிர்கள் இருக்கின்றன, வருஷம் முழுக்க அவை எப்படி மாறுகின்றன என்று வாராவாரம் பார்ப்பது. ஆனி, ஆடி சீசனில் லட்சம் பேர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் தண்ணீர், வெள்ளம் வந்தால் காட்டையே அடித்துக்கொண்டு வரும் தண்ணீர். இதுவரை யாரும் வாரம் விடாமல் பார்த்ததில்லை என்று கைடு துள்ளினாராம். இரண்டு வருஷம், நூற்று நான்கு வாரம், நூற்று நான்கு பாட்டில். உலகம்மாள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். தண்ணீர் பிடிக்க அப்பா இருக்கிறார்.

அவருக்கு அவள் விளக்கிச் சொன்னது என் கடையில் வைத்துத்தான்.

"அப்பா, உங்க லாட்ஜ்ல ரிஜிஸ்டர் இருக்குல்லா? யாரு வந்தா, எந்த ஊருன்னு எழுதுவாங்கள்லா? அத மாதிரி தண்ணியில தங்கியிருக்க கிருமிகளுக்கும் ஒரு ரிஜிஸ்டர் இருக்கு. அதத்தான் நான் கம்ப்யூட்டர்ல படிக்கப் போறேன்."

"பொய்ப் பேரு குடுத்து ரூம் போடுதவன் இருக்கான்லா, அவன என்ன செய்வே?" என்றார் சுடலையாண்டி.

"இதுல பொய்ப் பேரு குடுக்க முடியாதுப்பா."

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று போகும்போது பஸ் படியில் நின்று அதையே கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் சொன்னதில் அவர் இன்னொன்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரம் விட்டாலும் எல்லாம் வீணாப் போயிரும்ப்பா. எத விட்டாலும் திங்கக்கிழமைய விட்றாதீங்க" என்று அவள் நூறு தடவை சொல்லியிருந்தாள்.

ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு படிவம் போக வேண்டும். நாள், நேரம், தண்ணீர் எடுத்த இடம், எடுத்தவர் கையெழுத்து. அவருக்குத்தான் எழுத வராதே என்று அவள் யோசித்தபோது, இது என்ன பெரிய விஷயம் என்று நான் மூக்கை நுழைத்தேன். நூற்று நான்கு படிவத்திலும் தேதியையும், காலை 6 மணி என்பதையும், பேரருவி என்பதையும் முதலிலேயே அச்சடித்துவிடலாம், அவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றேன். அருமையான யோசனை அண்ணாச்சி என்றாள். அவளுக்கும் நான் அண்ணாச்சி, அவள் அப்பாவுக்கும் அண்ணாச்சி. கடைக்காரனுக்கு வயசு கிடையாது.

அப்படி ஆரம்பித்தது. திங்கட்கிழமை தோறும் ஏழரை மணிக்குச் சுடலையாண்டி குற்றாலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, தெர்மாகோல் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வருவார். நான் ஐஸ் போட்டு, டேப் சுற்றி, கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றுவேன். அங்கே லேப்பில் தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள டி.என்.ஏ.வைப் பிரித்து ஒரு கம்பெனிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து எழுத்துகளாகத் திரும்பி வருவதை உலகம்மாள் படிப்பாள். அருவியில் குளிக்கத் தடை போட்ட வெள்ளத்திலும் அவர் விடவில்லை. போலீஸ்காரரிடம் கெஞ்சி, கயிற்றில் வாளி கட்டி எடுத்திருக்கிறார். அவருடைய மச்சினர் செத்த அன்றுகூட, பிணம் எடுப்பதற்கு முன்னால் பாட்டில் என் கடைக்கு வந்துவிட்டது.

இப்போது நான் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். சித்திரை மாதம் பேரருவி எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெறும் பாறை. முதல் வருஷம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன். பாறையில் வடிந்த ஈரத்தை ஒரு குரங்கு நக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் சுடலையாண்டி நிறை பாட்டிலோடு வந்து நின்றார். மற்ற நாளில் அந்தப் பாட்டிலில் இலைத் துணுக்கு கிடக்கும், மேலே எண்ணெய் மினுமினுக்கும். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது.

"ஏ சுடலை, அருவியே காஞ்சு கெடக்கு. எங்கனருந்து பிடிச்சீரு?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கா பஞ்சம் குத்தாலத்துல?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு டேப் சுற்றினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயம்புத்தூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, கடையில் நாலு பேர் நின்றார்கள், இதெல்லாம் இப்போது நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். அப்படி முதல் கோடையில் பதினோரு பாட்டில், அடுத்த கோடையில் ஒன்பது பாட்டில் அனுப்பினேன்.

அந்த இருபது பாட்டில்தான் அவளுடைய ஆராய்ச்சியைத் தூக்கி நிறுத்தியது. கோடையில் மட்டும் ஒரு புதுக் கூட்டம் நுண்ணுயிர்கள் அருவித் தண்ணீரில் திடீரென்று தோன்றுகின்றன, சாரல் விழுந்ததும் ஒன்றுவிடாமல் மறைகின்றன. இரண்டு வருஷமும் அதே போல. இப்படி ஒரு விஷயம் எங்கேயும் பதிவாகவில்லை என்று கைடு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். கட்டுரை எழுதி வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். அது வெளியானால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். டிசம்பரோடு அவளுக்கு ஆறு வருஷம் முடிகிறது, அதற்குள் சமர்ப்பித்தாக வேண்டும். பெங்களூரில் ஒரு கம்பெனி பட்டத்தோடு வா என்று வேலைக்குக் கடிதமே கொடுத்துவிட்டது. வடிவம்மாள் கல்யாணத் தரகரிடம் ஜனவரி வரை பொறுக்கச் சொன்னாள்.

போன ஆகஸ்டில் உலகம்மாள் கடைக்கு வந்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல் பென் டிரைவை நீட்டினாள். ஒரு பக்கம்தான். ஆய்விதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்த்த ஒருவர் அனுப்பிய கேள்வி. நான் அச்சடித்துக் கொடுத்தேன். அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். கோடை வாரங்களில் நீங்கள் கண்டதாகச் சொல்லும் நுண்ணுயிர்கள் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரிலும் மாடித் தொட்டிகளிலும் வழக்கமாக இருப்பவை. அந்த மாதிரிகள் எந்த இடத்தில் எடுக்கப்பட்டன?

அவளைப் பார்க்க முடியாமல் பிரிண்டரில் பேப்பர் அடுக்குகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"அந்தப் பேரெல்லாம் மொதல்ல பாக்கும்போதே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்துச்சு அண்ணாச்சி" என்றாள். "டூரிஸ்ட் ஆளுக கொண்டு வாரதா இருக்கும்னு எழுதிட்டேன். கோடையில எந்த டூரிஸ்ட் வாரான்? நானும் இந்த ஊர்க்காரிதான். அருவி காயும்னு எனக்குத் தெரியாதா? அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டா எல்லாம் போயிருமோன்னு பயம்."

நான் பார்த்ததை அவளிடம் சொன்னேன். அந்தக் கண்ணாடி மாதிரித் தண்ணீரை, நான் சிரித்ததை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினாள்.

சுடலையாண்டி மகள் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, அப்போதே ஒரு பை மங்குஸ்தான் பழத்தோடு வந்து சேர்ந்தார். சீசன் சமயம், நல்ல சாரல், தலையில் துண்டைப் போட்டிருந்தார். அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பா, சித்திரை மாசம் அருவியில தண்ணி இருந்திருக்காதே. அப்ப எங்கன பிடிச்சீங்க?"

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி.

"நம்ம லாட்ஜ் மொட்டமாடி தொட்டியிலதான். சும்மா பிடிக்கலட்டி. காலையில ஆறு மணிக்கு, கொழாயத் தெறந்து மூணு நிமிசம் தண்ணிய விட்டுட்டு, நீ சொன்னாப்புல பாட்டில மூணு தடவ அலசிட்டுத்தான் பிடிச்சேன். கையில உறையும் போட்டிருந்தேன்."

"தொட்டியில பிளீச்சிங் பவுடர் போடுவாங்கள்லாப்பா?"

"அது வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போடுவாங்க. சுத்தமாத்தான இருக்கும்? கொழாய்ல வந்தா என்ன, குத்தாலத்துல எல்லாம் அருவித் தண்ணிதானட்டி. முதலாளியே சொல்லுவாரே, போர்டுலயும் எழுதிப் போட்டிருக்காராம், இருபத்தி நாலு மணி நேரமும் அருவித் தண்ணின்னு." அவர் என் பக்கம் திரும்பினார். "ஒரு வாரம் விட்டா பிள்ளைக்கு எல்லாம் வீணாப் போயிரும்லா அண்ணாச்சி. விட்றக் கூடாதுன்னு நின்னேன்."

குற்றாலத்துக்காரனுக்கு அப்படித்தான் தெரியும். அருவிக்குத் தண்ணீர் வருகிற அதே மலையிலிருந்துதான் ஊர்க் குழாய்க்கும் வருகிறது. லாட்ஜ் வாசலில் போர்டு மாட்டி அதைத்தான் விற்கிறார்கள். எந்த இடத்தில் பிடித்தது என்று ஒரு படிவத்திலாவது அவரைக் கேட்டு எழுத வேண்டியிருந்தால், அருவி வேறு, குழாய் வேறு என்று ஒருவேளை தெரிந்திருக்கும். கேட்க வேண்டாதபடி நான்தான் அச்சடித்துக் கொடுத்திருந்தேனே.

"நல்லதுப்பா" என்றாள் உலகம்மாள். ஒரு பழத்தை உடைத்துத் தின்றாள். அவர் போகும்வரை தின்றுகொண்டே இருந்தாள். போன பிறகு பையை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள்.

அந்த இருபதைக் கழித்துவிட்டால் ஆராய்ச்சியில் மிஞ்சுவது சீசனில் தண்ணீர் அழுக்காகிறது என்பதுதான். அதைச் சொல்ல ஆறு வருஷம் படிக்க வேண்டாம். கைடு முதலில் பேசாமல் இரு என்றாராம். படிவத்தில் பேரருவி என்று இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது, யார் வந்து பார்க்கப் போகிறார்கள். இவள் முடியாது என்றாள். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். தண்ணீர் எடுத்தவரிடம் ஒரு கடிதம் வாங்கி வா, தவறு அவருடையது என்று தெளிவாக இருக்க வேண்டும், அதைக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கலாம், திரும்ப ஆரம்பிக்கலாம். லேப் மேல் பழி வரக் கூடாது என்பது அவர் கவலை. எனக்கு அந்த மனிதர்மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் நான் எந்த யோக்கியதையில் எரிச்சல்படுவது?

கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். "குறிப்பிட்ட இடத்தில் தண்ணீர் எடுக்காமல், வேறு இடத்தில் எடுத்து, உண்மைக்கு மாறாகக் கையெழுத்திட்டுள்ளேன். இது முழுக்க என் தவறு. இப்படிக்கு, சுடலையாண்டி." அந்தக் கடைசி வரிகளில் என் விரல் இரண்டு தடவை தப்பிப்போனது. அவள் அதைக் கவரில் போட்டுக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினாள்.

மத்தியானம் திரும்பி வந்தாள். கவர் அப்படியே இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"லாட்ஜ் கேட்டுல நின்னுக்கிட்டிருந்தாரு. கவரப் பாத்ததும், கையெழுத்தாட்டி, கொண்டான்னு பேனாவ எடுத்துட்டாரு. என்ன ஏதுன்னு கேக்கவே இல்ல. கவரையே மடக்கி முட்டுல வச்சுப் போடப் போயிட்டாரு." அவள் கவரின் மடிப்பை நீவிவிட்டாள். "என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே போட்டிருப்பாரு அண்ணாச்சி. நூத்தி நாலு தடவ போட்ட மாதிரி. கவரத் திரும்ப வாங்கிட்டேன், உள்ள இருந்தத என்னால குடுக்க முடியல. வேற ஒண்ணுமில்ல, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னு சொல்லிட்டேன்."

"விவரத்தைச் சொல்லிக் கேளேன். அவரு மனசறிஞ்சே போடுவாரே" என்றேன். அவள் படிப்பு போய்விடக் கூடாதே என்ற பதற்றம் எனக்கு.

"சொன்னாப் போடுவாரு. அப்புறம் உயிரோட இருக்கிற வரைக்கும் அதையே நெனைச்சுக்கிட்டிருப்பாரு" என்றாள். "ரெண்டு வருசமா லாட்ஜுக்கு வாரவங்க எல்லார்ட்டயும் எம்மக படிப்புக்கு நான்தான் தண்ணி பிடிக்குதேன்னு சொல்லுதாரு. அதப் பிடுங்கச் சொல்லுதீங்களா?"

கவரை வாங்கி நானே கிழித்தேன். அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதினாள். பல்கலைக்கழகத்துக்கு விலகல் கடிதமும் என் கடையில்தான் அடித்தாள். காரணம் என்ற இடத்தில் சொந்தக் காரணங்கள் என்று போட்டாள். கடிதம் இரண்டு வரிதான். ஆறு வருஷத்தை முடிக்க அது போதுமாக இருந்தது.

இப்போது தென்காசியில் ஒரு நீட் கோச்சிங் சென்டரில் பாடம் நடத்துகிறாள். நன்றாகத்தான் நடத்துகிறாள் என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். முப்பது வயதாகப் போகிறது. பெங்களூர்க்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். தரகர் கொண்டு வந்த இரண்டு இடமும், படிப்பைப் பாதியில் விட்ட பெண் எதையும் பாதியில் விடுவாள் என்று ஒதுங்கிக்கொண்டார்களாம். வடிவம்மாள் அவளோடு பேசுவதில்லை. அவளும் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் திரையில் எதையாவது காட்டி, இது பார்த்தீங்களா அண்ணாச்சி என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். இப்போது கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த நிற்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

போன வாரம் அப்படி அவள் நின்றுகொண்டிருந்தபோது சுடலையாண்டி வந்தார். ஆள் இளைத்திருந்தார். லாட்ஜில் எல்லோரும் பிள்ளைக்கு டாக்டர் பட்டம் வந்தாச்சா என்று கேட்கிறார்களாம். அவர் அவளிடம்தான் பேசினார்.

"வெள்ளத்துல நின்னேன். எம் மச்சினன் பொணம் வீட்டுல கெடக்கும்போது போய்ப் பிடிச்சேன். கோடையில சொட்டுத் தண்ணி இல்லன்னாலும் பிடிச்சேன். ரெண்டு வருசம் நான் ஒரு வாரம் விடல. நீ உக்காந்த எடத்துல படிக்க வேண்டியதுதானட்டி? அத முடிக்க முடியலயே உன்னால."

அவள் கேள்வித்தாள் கட்டை மேஜையில் தட்டி ஒழுங்கு செய்தாள்.

"ஆமாப்பா. எனக்குத்தான் படிப்பு வரல" என்றாள்.

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. எல்லாப் பாட்டிலும் உங்க கையாலதான போச்சு. ஒரு வாரமாவது விட்டேனா?"

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"இல்ல சுடலை" என்றேன். "ஒரு வாரம்கூட விடல."